பாகில் முக்கிய ஆப்பிள்

அழுகினது என்று தெரிந்தே ஆப்பிளைப் பாகில் முக்கியவள் என் நாத்தனார் ஜாஸ்பின். பக்கத்தில் நின்று குச்சி எடுத்துக் கொடுத்தவள் நான். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதிரசமும் முறுக்கும் சுட்டுத் தெருவுக்கே கொடுப்பது ஆவூரில் எங்கள் வீட்டு வழக்கம். இந்தத் தடவை கனடாவிலிருந்து ஜாஸ்பின் வந்திருந்தாள். "அதெல்லாம் இப்ப யாரு அண்ணி திங்கிறா? கேண்டி ஆப்பிள் செஞ்சு குடுப்போம்" என்று விராலிமலையிலிருந்து ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கி வந்துவிட்டாள். தங்கச்சி சொல்லிவிட்டால் என் வீட்டுக்காரர் ஃபிரெடிக்கு மறுபேச்சு கிடையாது.

சர்க்கரைப் பாகில் சிவப்புக் கலர் பொடியைக் கொட்டினாள். பதம் பார்க்கிறேன் என்று கரண்டியை நக்கி, அதே கரண்டியைத் திரும்பப் பாகுக்குள் விட்டாள். கண்ணாடித்தாளை ஒவ்வொன்றாகப் பிரிக்க விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எடுத்தாள். ஊருக்கெல்லாம் எச்சில்.

பெட்டியின் அடியில் நாலைந்து ஆப்பிள் கன்றிப் போயிருந்தன. ஒன்றில் என் கட்டைவிரல் பொதுக்கென்று உள்ளே போனது. பழுப்பாக நீர் வடிந்தது, புளித்த கள் வாடை. தூக்கி எறியப் போனேன்.

"எறியாதீங்க அண்ணி. இத இருளாயிக்குக் குடுத்துருவோம். மேல பாகு ஏறிட்டா ஒண்ணும் தெரியாது."

இருளாயி எங்கள் வீட்டில் பத்து வருடமாகப் பாத்திரம் துலக்குகிறவள்; பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவாள். அவள் மகள் சத்யா வாயும் வயிறுமாக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். தின்பண்டம் எது போனாலும் அவள் கைக்குத்தான் முதலில் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், வந்த இடத்தில் ஜாஸ்பின் முகம் சுண்டிவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அழுகல் பளபளவென்று சிவந்து, பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. வேலை முடிந்து கிளம்பிய இருளாயியை நிறுத்தி, அதைக் கையில் கொடுத்து, தோளில் கை போட்டு செல்ஃபியும் எடுத்துக்கொண்டாள் ஜாஸ்பின். சீ என்று இருந்தது.

இருளாயி தெரு திரும்பியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சத்யா அதைக் கடிப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி, ரேஷன் கடைப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன்.

"இருளாயிக்கா, அந்த ஆப்பிளக் குடுத்துருங்க. அது அழுகினது. சத்யாகிட்ட குடுத்துறாதீங்க."

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறோமே என்று கூச்சத்தோடு கையை நீட்டினேன். அவள் ஆப்பிளை என் கையில் வைத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அவளுக்கு எதுக்கு டீச்சர் குடுக்கப் போறேன்? ஆட்டுக்குல்ல கொண்டு போறேன்."

"அழுகினதுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"இது அழுகினதுன்னு தெரியாது. ஒங்க வீட்டுலேருந்து வாரது எதையும் நாங்க வாயில வக்கிறதில்ல. போன வருசம் நீங்க குடுத்தனுப்புன அதிரசம் கருகலு, சிக்கு வாடை. அதுக்கு மொத வருசம் முறுக்கும் அப்புடித்தான். புள்ளைக துப்பிருச்சுக. ஆடு ஒண்ணுஞ் சொல்லாது."

கடைசி ஈடு. எண்ணெய் கசடாகி, கருகி வருவதை "இது இருளாயிக்கு" என்று ஒரு தட்டில் ஒதுக்கிவைப்பது நான்தான். ஜாஸ்பின் வந்தது இந்த வருடம். நான் பத்து வருடமாக ஒதுக்குகிறேன். அதை ஒரு நாளும் நான் தப்பாக நினைத்ததே இல்லை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இருளாயி கையை நீட்டினாள்.

"குடுங்க டீச்சர். நீங்க வேற எங்கிட்டுக் கொண்டுபோயிப் போடுவீங்க?"