நூற்றொன்றாவது சுற்று

சவூதியிலிருந்து வருகிறவன் என்ன கொண்டு வருவான்? சென்ட்டு, கம்பளி, தைலம், பிள்ளைக்குச் சாக்லேட். கூத்தாநல்லூரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இர்ஃபானாவின் புருஷன் ஜாஹித் கொண்டு வந்தது இரும்பு. சொந்தபந்தம் முழுக்கச் சுற்றி உட்கார்ந்திருக்கப் பெட்டியைத் திறந்தால், பனியனுக்குள் சுருட்டிய ஒரு கியர் பெட்டி. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ரோபோ கையிலிருந்து கழற்றியதாம். இர்ஃபானாவுக்கு மானமே போயிற்று.

ஆனால் அந்த இரும்புக்குப் பின்னால் இருந்த எண்ணம் தெரிந்ததும் அதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தவள் அவள்தான். ஜாஹித்துக்குத் திரும்பிப் போக மனமில்லை. கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பை வெட்டும் மெஷின் ஒன்றைக் கொல்லைக் கொட்டகையில் தானே கட்டினான். வெட்டுகிற இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்க ஒரு சுழல்தட்டு வேண்டும். அதற்குத்தான் அந்தக் கியர் பெட்டி. அதன் மேல் நூறு என்று பொறித்திருந்தது. மோட்டார் நூறு சுற்றுச் சுற்றினால் தட்டு ஒரே ஒரு சுற்று, மயிரிழை பிசகாது என்றான். இரும்பு வேலை அவனுடையது. கல்யாணத்துக்கு முன் டைப்பிங் சென்டரில் இருந்தவள் என்பதால் கம்ப்யூட்டர் இவளுடையது. நூறு என்று அவன் சொன்னதை அடித்தது இவள் விரல்தான்.

மகள் ஃபஹ்மிதாவுக்கு மூன்று வயது. அத்தா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டிக்கொண்டிருந்த பிள்ளை, இந்த நாலைந்து மாதத்தில்தான் அவன் தோளைக் காட்டப் பழகியிருந்தது.

இதற்குள் சவூதிக்குத் திரும்புகிற ரீ-என்ட்ரி விசா முடியும் நாள் நெருங்கிவிட்டது. அதற்குள் போய் இறங்காவிட்டால் அந்த வேலை போனது போனதுதான். மெஷின் ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து காட்டினால் டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறேன் என்றான் ஜாஹித். இர்ஃபானா ஒவ்வொரு தொழுகையிலும் அந்த ஒரு வேலையைத்தான் கேட்டாள்.

வேலையும் வந்தது. திருக்காட்டுப்பள்ளி தியாகேசன், குறுவை நெல் முற்றி நிற்கிற நேரத்தில் தன் அறுவடை மெஷினில் ஒரு பல்சக்கரம் உடைந்து, வழி தெரியாமல் நின்றார். பழைய மாடல், எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. வடகிழக்கில் மேகம் கூடிக்கொண்டிருந்தது. யாரோ சொல்லி இவர்களைத் தேடி வந்தவர், டிராக்டர் அச்சு ஒன்றை அறுத்துக் கடைந்து, பல் வெட்ட இரண்டு வட்டு கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் வட்டில் பற்கள் வரிசையாக அழகாக விழுந்தன. கடைசிப் பல் மட்டும் வீங்கிப்போய், முதல் பல்லோடு சேராமல் நின்றது. பழைய சாமான், எங்கோ ஆட்டம் இருக்கிறது என்று ஜாஹித் எல்லாத் திருகையும் இறுக்கினான். இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கலாமே என்று இவள் சொன்னதற்கு, நேரமில்லை என்றான். இரண்டாவது வட்டிலும் கடைசிப் பல் அதே மாதிரி வீங்கி நின்றது. டிக்கெட் மறுநாளைக்கு. ஜாஹித் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பெட்டியை எடுத்து வைத்தான்.

மறுநாள் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு எழுந்தவளுக்கு வீட்டுக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. தஸ்பீஹ் மணிமாலை கையில் இருந்தபடியே கொட்டகைக்குப் போனாள். இந்தப் பாழாய்ப்போன சாமான் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு. தட்டிலும் அடிப்பலகையிலும் நேருக்கு நேர் சாக்பீஸால் கோடு போட்டாள். மோட்டார் பக்கத்தை வலக்கையால் சுற்ற, ஒவ்வொரு சுற்றுக்கும் இடக்கையில் ஒரு மணி நகர்ந்தது. முப்பத்து மூன்று மணி. மூன்று முறை முடித்து மேலே ஒன்று வைத்தால் நூறு. நினைவு தெரிந்த நாளாக ஐந்து வேளையும் எண்ணிய கணக்கு அது.

நூறு ஆயிற்று. கோடு சேரவில்லை, ஒரு நெல் நீளம் குறைந்தது. இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் வந்து பொருந்தியது.

ஓடிப்போய் ஜாஹித்தைக் கூட்டி வந்தாள். பயணச் சட்டையோடு வந்தவன், நீ எண்ணத் தப்பியிருப்பாய் என்றான்.

"மணி என் கையில இருக்கு. நீங்களே சுத்துங்க மச்சான்."

சுற்றினான். மூன்று முறை முடிந்து ஒன்று, அதற்கு மேலும் ஒன்று. குனிந்து கியர் பெட்டியைப் பார்த்தவனுக்கு அப்போதுதான் பிடிபட்டது. அந்தக் கியருக்குள் இருப்பது ஒரு வளையமும் ஒரு மெல்லிய கிண்ணமும். வளையத்தை நிறுத்திக் கிண்ணத்தைச் சுற்றவிட்டால் நூறு. கிண்ணத்தின் திருகு ஓட்டைகள் தேய்ந்திருந்ததால் தட்டை அதில் மாட்ட முடியாமல், அதை அசையாமல் பிடித்து வளையத்தைச் சுற்றவிட்டிருந்தான் இவன். அப்படி மாற்றி மாட்டினால் ஒரு சுற்று கூடும். பொறித்திருந்த எண்ணை நம்பினானே தவிர, தன் கை மாற்றி மாட்டியதை அவன் யோசிக்கவே இல்லை.

வாசலில் திருச்சி ஏர்போர்ட் போகிற வேன் ஹாரன் அடித்தது.

"போகாதீங்க. தெரிஞ்சிடுச்சுல்ல? நூத்தி ஒண்ணுன்னு மாத்தி அடிச்சாப் போதும்."

"வெட்ட இரும்பு எங்க புள்ள? ரெண்டு தடவை இப்படித்தான் நம்பினோம். மூணாவதும் போச்சுன்னா அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல."

அவளுக்கு நம்பிக்கை இருந்தது, கையில் காட்டத்தான் ஒன்றுமில்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை முகர்ந்துவிட்டு அவன் வேன் ஏறினான். வேன் திரும்பிய பிறகு, தான் இன்னும் ஒரு நிமிஷம் மன்றாடியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்துத் தியாகேசன் வந்தார். பாய் போய்விட்டார் என்று கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். வானம் கருத்துக் கிடந்தது. இன்னொரு வட்டு கொண்டு வாருங்கள், நானே வெட்டித் தருகிறேன் என்றாள் இர்ஃபானா. அவர் நம்பி ஒன்றும் கொண்டு வரவில்லை, வேறு போக்கிடம் இல்லாமல் கொண்டு வந்தார். அவள் நூறை அழித்து நூற்றொன்று அடித்தாள். கடைசிப் பல் வெட்டி முடிகிற வரைக்கும் அவள் மெஷினை விட்டு நகரவில்லை. பல் வந்து முதல் பல்லோடு பொருந்தி நின்றது. மறுநாளே தியாகேசன் வயலில் மெஷின் இறங்கியது. மழை வருமுன் முக்கால்வாசிக் கதிர் கரையேறிவிட்டது.

அன்று ஜாஹித் போன் செய்தான். பாஸ்போர்ட்டைக் கம்பெனியில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம், இனி இரண்டு வருஷத்துக்கு ஊர்ப் பேச்சே இல்லையாம். மூன்றாவது வட்டை வெட்டப்போவதாக முந்தியே அவனிடம் சொல்லியிருந்தாள். பல் சேர்ந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம், இதுவும் கெட்டுப்போயிற்று என்று சொன்னால் மனுஷன் நிம்மதியாக வேலை பார்ப்பான் என்று முடிவு செய்துதான் போனை எடுத்திருந்தாள்.

"கடைசிப் பல் என்னாச்சு?" என்றான்.

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "சேந்துடுச்சு மச்சான்."

அவன் அழுவது அவளுக்குத் தெரிந்தது. இவளும் அழுதாள். பிறகு, மோட்டார் ரொம்பச் சூடாகாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னான். ஃபஹ்மிதா ஓடி வந்து போனைப் பிடுங்கி, அத்தா என்று அதைக் கட்டிக்கொண்டது.

வாசலில் தியாகேசன் நின்றிருந்தார். கூடவே சாக்கில் சுற்றிய இன்னொரு உடைந்த சக்கரத்தோடு முத்துப்பேட்டைக்காரர் ஒருவர். பாய் எப்போது வருவார் என்று அந்தப் புதியவர் கேட்டார்.

இர்ஃபானா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க வர ரெண்டு வருஷம் ஆகும். சாமான இறக்கி வைங்க."