கடலுக்குப் போகும் டப்பா

எங்கள் ஊரில் செல்போன்கள் கடலுக்குப் போய்வரும். சிரிக்காதீர்கள், உண்மை. காரங்காட்டுக்குத் தெற்கே அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிறது ஊர். வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னல் வந்தாலே அதிசயம், நெட் சுத்தமாகக் கிடையாது. மீன்பிடிக்கப் போகும் வல்லம், அதாவது படகு, அந்தக் காட்டைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போனதும் நெட் எங்கிருந்தோ வந்து கொட்டும். அதனால் எங்கள் தெருப் பெண்கள் தங்கள் போன்களை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, விடிந்ததும் அருளானந்தம் அண்ணனின் வல்லத்தில் ஏற்றிவிடுவார்கள். மத்தியானம் மீனோடு டப்பா திரும்பும். அனுப்ப வேண்டியது போயிருக்கும், வர வேண்டியது இறங்கியிருக்கும்.

அந்த டப்பாவில் யாருக்கு எது வராவிட்டாலும் என் மதினி பிரெசில்லாவுக்கு வந்தாக வேண்டும். மதினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பேர்களை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அதற்கு மேல் படிப்பில்லை. கையால்தான் பேசுவாள். என் அண்ணன் பென்னி மீன்பிடி வேலைக்கு பஹ்ரைன் போய் இரண்டு வருடம் ஆகிறது. மற்றவர்கள் என்றால் போனில் நாலு வார்த்தை பேசிக்கொள்ளலாம். இவளுக்குப் படம் வேண்டும். கையால் பேசுவதை வீடியோ எடுத்து டப்பாவில் வைப்பாள். அண்ணனின் பதில் மறுநாள் வரும். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று இவள் கேட்டு, சரியாகிவிட்டது என்று அவன் சொல்வதற்குள் இவளுக்குச் சோறு இறங்காது. நெட் கிடைக்கிற தேவிப்பட்டினத்துக்குப் பஸ் ஏறிப் போய், முகம் பார்த்துப் பேச முயன்றாள். ஆனால் பகலில் அவன் கடலில் இருப்பான், கிடைக்கமாட்டான். ஊருக்கு நெட்டுக்கான பைபர் லைன் வந்தால் சாயங்காலம் வீட்டிலிருந்தே புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசலாம். அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை.

போன வருடம், கடலோரத்தில் எந்தெந்த ஊருக்கு முதலில் லைன் கொடுக்கலாம் என்று பார்க்க ஒரு ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தார்கள். தலைமை பாண்டித்துரை சார். பி.எஸ்சி. முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை வீடு வீடாகக் கேட்டு எழுதச் சேர்த்துக்கொண்டார். "நானும் நயினார்கோவில் பக்கந்தான் ஆஸ்லின் தங்கச்சி. நம்ம பக்கத்துக்கு நாமதான செய்யணும்" என்றார். நான் உருகிப்போனேன்.

படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் போனில் இணையம் எத்தனை நாளைக்கு ஒருமுறை கிடைக்கிறது? எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் "தெனமும்" என்றார்கள். மற்ற ஊருக்கு நாங்கள் என்ன இளப்பமா என்கிற வீம்பு வேறு. நானும் 'தினமும்' என்று டிக் அடித்தேன். பொய்யில்லையே! பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள், அதில் "கடலில் மட்டும்" என்று நுணுக்கி எழுதினேன். போதாதென்று சாரை வீட்டுக்குக் கூட்டிவந்து, நண்டுக் குழம்பு ஊற்றி, டப்பாவையும் மதினியையும் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மதினி டப்பாவோடு நிற்பதைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். அவள் கூச்சப்பட்டு உள்ளே போனாள். சார் நமக்கு லைன் வாங்கித் தருவார் என்று நான்தான் கையால் சொல்லி, இழுத்துவந்து நிறுத்தினேன்.

போன வாரம் ராமநாதபுரத்தில் அறிக்கை வெளியீடு. எனக்கும் பொன்னாடை போர்த்திப் புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் மதினி, டப்பாவோடு. மேடையை விட்டு இறங்கியதும் முதல் கட்டப் பட்டியலைப் பார்த்தேன். பதினாறு ஊர். எங்கள் ஊர் இல்லை. புரட்டிப் புரட்டிக் கடைசியில் கண்டுபிடித்தேன். "மக்களே தங்கள் தேவைக்குச் சிறந்த வழி கண்டிருப்பதால் இவ்வூருக்கு அவசரம் குறைவு. இம்முறையைப் பிற ஊர்களுக்கும் பரிந்துரைக்கலாம்."

டீ குடித்துக்கொண்டிருந்த பாண்டித்துரை சாரைப் போய்ப் பிடித்தேன்.

"எங்க ஊரு எங்க சார்?"

"ரெண்டாங் கட்டத்துல வரும் தங்கச்சி."

"எப்ப?"

"அத மேல உள்ளவங்கதான் சொல்லணும்."

"கடல்ல மட்டுந்தான் வருதுன்னு எழுதிக் குடுத்தேன்ல? எங்க மதினியக் கண்ணால பாத்தீங்கள்ல?"

"பாத்ததுனாலதான் அட்டையில போட்டேன். இப்பிடி ஒரு டப்பா வேற எங்கயும் இல்லம்மா. இத எழுதாம விட்டாத்தான் உங்க ஊருக்குத் துரோகம்."

துரோகம் என்ற வார்த்தையை அவரே சொல்லிவிட்டார், எனக்கு மிச்சம் வைக்கவில்லை. சமோசாவைக் கடித்துக்கொண்டே, டெல்லிக் கூட்டத்திலும் இதைத்தான் பேசப்போவதாகச் சொன்னார். வந்த ஆத்திரத்துக்குப் பொன்னாடையைச் சுருட்டி அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மதினி புத்தகத்தைப் பிடுங்கினாள். அட்டையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கையால் கேட்டாள்: லைன் எப்போது?

இல்லை என்றேன்.

ஏன்?

அட்டையில் இருந்த டப்பாவைத் தொட்டேன். இது இருக்கிறதாம். இது போதுமாம்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊர் இருந்த பக்கத்தை எடுத்துக் காட்டினேன். ஊர்ப் பேரை எழுத்துக்கூட்டினாள். விரல் கீழே இறங்கி, பக்கத்தின் அடியில் இருந்த ஒரு சின்ன வரியில் நின்றது. நான் பார்க்காமல் விட்ட வரி. 'நேரில் சரிபார்த்தவர்: ஆஸ்லின்.'

நீயா?

என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள், நான் எழுதியது வேறு என்று இரண்டு கையாலும் அவசர அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

மதினி கண்களை மூடிக்கொண்டாள்.