ஆதம்பாவாவை மாப்பிள்ளை எடுத்த வீடு

ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த மாதத்தில் ஆதம்பாவா வாங்கிய வீடு அவனைத் தன் மாப்பிள்ளையாக எடுத்துக்கொண்டது. அந்த மாதம் திருகோணமலைப் பட்டினத்துச் சனம் மூட்டை முடிச்சோடு கந்தளாய்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தேங்காய் விலை ஏறியது, வீட்டு விலை இறங்கியது, முட்டை கண்ணால் காணவும் கிடைக்கவில்லை. பெரியகடையில் துணி வியாபாரம் செய்த அபூதாஹிரும் ஓட நின்றவர்களில் ஒருவர். அவருடைய வாப்பா, பிறக்கப்போகும் மகளுக்குச் சீதனம் என்று ஆசை ஆசையாகக் கட்டிய ஓட்டு வீடு அது. மகள் பிறக்கவேயில்லை, வரிசையாக ஆண்பிள்ளைகள். அவர்கள் எல்லாரும் ஊர் முறைப்படி பெண்டாட்டிமாரின் வீடுகளுக்குப் போய்விட, ஒரு மாப்பிள்ளையையும் வாசலில் காணாமலே அந்த வீட்டுக்கு வயது ஏறிவிட்டது.

ஆதம்பாவா குடாவுக்கு அக்கரையில் உள்ள கிண்ணியாக்காரன். டொக்யாட்டில் கப்பல் சங்கிலிகளுக்குத் தார் பூசுகிற வேலை. யுத்தம் வந்தபடியால் கையில் நாலு காசு புரண்டது. அவன் மனைவி உம்மு குல்சும் வீடில்லாமல் கலியாணம் முடித்தவள். உம்மாவின் வீடு மூத்தவள் நபீஸா ராத்தாவுக்குப் போயிற்று, இளையவளுக்கு ஒன்று கட்டிக்கொடுக்க வாப்பா உயிரோடு இல்லை. ஆகவே ராத்தாவின் குசினிக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்து, ராத்தாவின் கிணற்றில் அள்ளி, ராத்தாவின் அடுப்பில் ஆக்கிச் சீவித்தாள். நபீஸா அவளை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தச் சொல்லாமைதான் இவளைப் போட்டு எரித்தது. தலைக்குமேல் தனக்கென்று ஒரு கூரை, அதன் கீழே தன் புருஷன், வேறு எவளும் இல்லை: அவள் அல்லாஹ்விடம் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதப் போன இடத்தில் நொத்தாரிசு கேட்டார், "பொஞ்சாதிட பேருலதானே?" ஆதம்பாவா தலையை ஆட்டி மறுத்தான். "காசு என்ட, பேரும் என்ட." வீட்டோடு பெண் எடுக்காதவன் என்று இத்தனை வருஷம் ஊரில் வாங்கிய பேச்சுக்கு அது பதில். ஆனால் இந்தக் கரையில் எந்த ஆம்பிளையும் அதுவரை தன் பெயரில் வீடு எழுதியதில்லை. இங்கே வீடு என்றால் ஒரு பெண்ணோடு வரும். பெண்ணில்லாமல் வந்த வீடு தன்னையே பெண் என்று எண்ணிக்கொண்டால் அதில் என்ன பிழை? நொத்தாரிசு மட்டும் கொஞ்சம் யோசித்தார், பிறகு தன் கூலியை வாங்கிக்கொண்டார்.

விலையைக் கொடுத்ததோடு செலவு முடிந்தது என்று புருஷனும் பெண்டாட்டியும் நம்பினார்கள். முதல்முதல் வீடு வாங்குகிற எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள், பாவங்கள். முத்திரைக் காசு வந்தது. அளந்தவனுக்குக் கூலி வந்தது. அபூதாஹிர் கட்டாமல் விட்டுப்போன வீட்டுச் சோலைவரி வந்தது. கிணற்றைச் சேறு எடுக்க வேண்டியிருந்தது, கூரை வளைகளில் கறையான் இருந்தது, இருட்டடிப்புச் சட்டத்துக்கு எல்லா யன்னல்களுக்கும் கறுப்புத் துணி வேண்டியிருந்தது. இதெல்லாம் எந்த வீட்டுக்கும் உள்ளதுதான். ஆதம்பாவா முணுமுணுத்துக்கொண்டு கட்டினான்.

மற்றச் செலவுகள் அடுத்த சம்பளத்தோடு தொடங்கின. அவன் உம்மு குல்சுமுக்கு ஒரு நீலப் புடவை வாங்கி வந்தான். அவள் அதை உடுத்திக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். மத்தியானத்துக்குள் வீட்டின் நாலு சுவரும் சுண்ணாம்பை முழுக்க உதிர்த்துவிட்டு வெறும் கல்லாக நின்றன. புதுச் சுண்ணாம்பு அடித்த பிறகுதான் உதிர்வது நின்றது. அவள் தலைக்கு எண்ணெய் வைத்தால் கதவுப் பிணைச்சல்கள் தெருமுனை வரை கேட்கக் கத்தும். எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் அவள் தலைக்கு வைத்த அதே அளவு பிணைச்சலுக்கும் விட்டால்தான் அடங்கும். அவள் ஆக்கிய மீன் ஆணத்தை அவன் ஒருநாள் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டான். அன்று முதல் அடுப்பு பற்றவில்லை, மேசனைக் கூப்பிட்டு அதை உடைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. மழை பெய்தால் கட்டிலில் அவள் படுக்கிற பக்கம் மட்டும் ஒழுகும். ஓடுகளை எத்தனை தரம் மாற்றினாலும், அவள் இடம் மாறிப் படுத்தாலும், ஒழுக்கு அவளைத் தேடி வந்தது.

புது வீட்டைப் பார்க்க நபீஸா தோணியேறி வந்தாள். வீடு அவளை வலு மரியாதையாக வரவேற்றது. கதவு சத்தமில்லாமல் திறந்தது, கதிரை தானாக அரையடி முன்னால் நகர்ந்தது. நபீஸா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள், நனைந்த பாதிக் கட்டிலையும் பார்த்தாள்.

"இது உனக்குச் சக்களத்தி, புள்ள," என்றாள். "மாப்பிள்ளைட பேருல எழுதினா வேற என்ன நடக்கும்?"

சொல்லும்போது ராத்தாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததாக உம்மு குல்சும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இருந்திருக்கவும் கூடும்.

ஆதம்பாவா பள்ளிவாசல் லெப்பையிடம் போய்க் கேட்டான். லெப்பை நெடுநேரம் தாடியைத் தடவிவிட்டு, கல்லோடு நிக்காஹ் இல்லை, ஆனாலும் இரண்டு பேர் ஒரு கூரைக்குள் மனம் நொந்தால் இருவருக்கும் சமமாகச் செய்வதுதான் நியாயம் என்றார். அவனும் அப்படியே செய்தான். அவளுக்குச் சவர்க்காரம் என்றால் தரைக்கும் சவர்க்காரம், அவளுக்கு வளையல் என்றால் கதவுக்குப் பித்தளைக் கொளுக்கி. சம்பளம் பத்தாமல் போயிற்று. அதையும் உம்மு குல்சும் பொறுத்தாள். ஒருநாள் சுவரைத் தட்டிக்கொடுத்து, "கோவப்படாத புள்ள," என்று அவன் சொன்னதைக் கேட்டாள். புள்ள என்பது அவன் அவளைக் கூப்பிடுகிற சொல். அதன்பிறகு அவள் வேண்டுமென்றே வாசலில் நின்று அவன் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டாள், கதவுநிலைக்குத் தெரியட்டும் என்று.

ஏப்ரல் மாதத்து ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் அப்படிப் பூட்டிவிட்டதும், ஆதம்பாவா வேலைக்குப் போகக் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. குசினிக் கதவும் திறக்கவில்லை, யன்னல்களும் திறக்கவில்லை.

"விடச் சொல்லுங்க மச்சான். உங்கட கதையத்தானே கேக்கும்," என்றாள் அவள்.

"ஏலாது, நல்லாக் கோவத்துல நிக்கிது," என்றான் அவன். "பிந்தினா சம்பளத்த வெட்டுவானுகள்."

இருவரும் தோள் கொடுத்து இடித்துக்கொண்டிருக்கும்போதே ஜப்பான்காரனின் விமானங்கள் வந்துவிட்டன. சத்தமெல்லாம் அடங்கிய பிறகு கதவு தானாகத் திறந்தது. சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி எரிந்து வானம் கறுத்திருந்தது. டொக்யாட்டில் ஆதம்பாவா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அவன் திரும்பி வந்து கதவுநிலையைக் கட்டிப்பிடித்து, "நீ இல்லாட்டி நான் இல்ல புள்ள," என்று அழுதான். உம்மு குல்சும் பின்னால் நின்றாள். புருஷன் உயிரோடு கிடைத்ததற்கு அல்லாஹ்வைப் புகழ்ந்தாள். அவனைக் காப்பாற்றியது தான் இல்லை என்பதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

மிச்சமிருந்த சனமும் அந்தக் கிழமை பட்டினத்தைக் காலி செய்தது. நபீஸா ஆள் அனுப்பியும் உம்மு குல்சும் போகவில்லை. சக்களத்தியோடு புருஷனைத் தனியே விட்டுவிட்டுப் போக அவளுக்கென்ன பைத்தியமா? குண்டுக்கும் அஞ்சாத பெண் என்று கிண்ணியாவில் அவளுக்குப் பெயர் வந்தது. அவள் தன் பெயருக்கு வீட்டை மாற்றச் சொல்லிப் பலதரம் கேட்டாள். உயிர் தந்தவளை எப்படிக் கைமாற்றுவது என்று அவன் கேட்டான். அவர்கள் அதைப் பற்றிக் கதைத்த நாளெல்லாம் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது, குடிதண்ணீர் காசுக்கு வாங்க வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் அவளுக்குப் பிள்ளை வயிற்றில் தங்கியது. வீடு என்ன செய்யுமோ என்று அவள் நடுங்கினாள். அது ஒன்றும் செய்யவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. மருத்துவிச்சி ஆமினா உம்மா பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, "பொம்புளப் புள்ள," என்றாள். உடனே யன்னல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக, மெதுவாகத் திறந்துகொண்டன. உம்மு குல்சுமுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இவ்வளவு வருஷமாக அது காத்திருந்தது மாப்பிள்ளைக்காக இல்லை, ஒரு மகளுக்காக.

"இவட பேருல எழுதுங்க," என்றாள் புருஷனிடம். ஆதம்பாவா கூரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான், பிறகு ஓம் என்றான். நொத்தாரிசுக்கு மறுபடி கூலி, மறுபடி முத்திரை. பிள்ளைக்கு ஜெமீலா என்று பெயர் வைத்தார்கள், வீடு ஜெமீலாவின் சீதனமாயிற்று.

அன்றோடு ஒழுக்கு நின்றது. கிணறு இனித்தது, அடுப்பு ஒரு குச்சியில் பற்றியது. உம்மு குல்சும் எண்ணெய் வைத்தாள், நீலப் புடவை உடுத்தாள், சுவர் ஒரு துகளும் உதிர்க்கவில்லை. ஆதம்பாவா வேலைவிட்டு வரும்போது கதவு அவனுக்காகத் திறப்பதும் நின்றுபோயிற்று. அவன் சில நாள் வாசலில் தயங்கி நின்றான், பிறகு தானே திறந்துகொள்ளப் பழகினான். வென்றுவிட்டேன் என்று உம்மு குல்சும் நபீஸாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

தொட்டில் காற்றில்லாமல் ஆடியது. பிள்ளை வீறிட்டு அழும்போது தாய் எடுத்தால் அடங்காது, சுவரோரம் கிடத்தினால் அடங்கும். வெயில் அதன் முகத்தில் படாமல் யன்னல் தானாகச் சாத்திக்கொள்ளும். தவழத் தொடங்கியதும் விழுகிற இடத்திலெல்லாம் தரை மெத்தென்று குழிந்து கொடுத்தது. உம்மு குல்சும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் போய் இருப்பாள். அது அவள் தோளுக்கு மேலால் வீட்டைப் பார்த்துக் கையை நீட்டும்.

யுத்தம் முடியும் தறுவாயில் ஒரு பின்னேரம், அவள் விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜெமீலா தத்தித் தத்தி நடந்து அவளைக் கடந்துபோய், நடுத்தூணைக் கட்டிப்பிடித்து, கன்னத்தை அதில் வைத்து, முதன்முதலாக "உம்மா" என்றது.

உம்மு குல்சுமின் கையில் சுளகு அப்படியே நின்றது. உள்ளே ஒரு கதவு பதில் சொல்ல வாயெடுத்ததுபோல் லேசாக அசைந்து நின்றது. அவளுக்காகப் பொறுத்து நிற்பதுபோல் இருந்தது. அவள் எழுந்து போய்த் தூணின் மறுபக்கத்தில் கையை வைத்தாள். தூண் சூடாக இருந்தது.

"என்ன மகள்?" என்றார்கள் இருவரும்.