வீக்கம்தான் மக்கா

பந்து மூலையிலிருந்து கடல்காற்றில் வளைந்து வந்துகொண்டே இருக்கிறது, இன்னும் இறங்கவில்லை, கீழே ததேயுஸின் மருமகன் கிளீட்டஸ் துள்ளி எழுகிறான், ஈஸ்டருக்கு மறுநாள், கோயில் மைதானம், மைக்கில் அவன் பெயர் ஷாஜி, கேரளத்திலிருந்து வந்த ஷாஜி என்கிறார்கள், அவன் ததேயுஸின் தங்கச்சி லில்லியின் மகன் என்று ஊருக்கே தெரியும், இருந்தாலும் பொய்ப்பெயர், மாலத்தீவு கிளப்போடு ஒப்பந்தம் போட்டவன் ஊரில் செவன்ஸ் ஆடினால் சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார்கள், அதனால் எங்கெங்கோ ஆடுகிறவர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவை வேறு பெயரில் வந்து தங்கள் பங்குக் கோயிலுக்காக ஏழு பேராக இறங்குவது அந்தக் கடற்கரையின் வழக்கம், ததேயுஸும் அப்படி இறங்கியவர்தான், அப்போது அவர் பெயர் பாபு, இதோ பந்தைத் தலையால் முட்டிவிட்டுக் கிளீட்டஸ் தரைக்கு வருகிறான், வலது முழங்கால் மட்டும் வேறு பக்கம் போகிறது.

அங்கே கத்திக்கொண்டிருந்த ஆயிரம் பேரில் இப்படி ஆகலாம் என்று தெரிந்தவர் ததேயுஸ் ஒருவர்தான், ஒரு மாதத்துக்கு முன்னால், மாலேயில், வெளி ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஆங்கிலத்தில் சொல்கிறார், தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஆறு மாதம் பந்தைத் தொடக்கூடாது, கிளீட்டஸுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, என்ன மாமா சொல்லுதாரு என்கிறான், வீக்கம்தான் மக்கா, பத்து நாள்ல வத்திரும், என்கிறார் ததேயுஸ், ஏன் அப்படிச் சொன்னார், உண்மை தெரிந்தால் கிளப் அவனை ஊருக்கு ஏற்றிவிடும், ஒன் மவன ஆளாக்கிக் காட்டுதேன் என்று லில்லியிடம் மார்தட்டியது வீணாகிவிடும், எல்லாவற்றையும்விட அவருக்குத் தன் முட்டின் மேல் திமிர், சென்னையில் அலுவலக அணிக்கு ஆடிய ஒன்பது வருஷத்தில் எத்தனை ஊசி, பிறகு மாலேயில் அவர் ஆடிய முதல் இறுதி ஆட்டம், இதே வலது முட்டு பூசணிக்காயாக வீங்கி, இதே ஆறு மாதத்தை அன்றைக்கு ஒரு டாக்டர் அவருக்கும் சொல்கிறார், போய்யா என்று மரத்துப்போகச் செய்கிற மருந்தைப் பீய்ச்சிக்கொண்டு இறங்கி இரண்டு கோல் போட்டார், காலுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் ஆறு பருவம் ஆடி இதே கிளப்பில் பயிற்சியாளரும் ஆனார், அந்த ஒரு அதிர்ஷ்டத்தைத்தான் பாவி மனிதர் இருபது வருஷம் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார், முட்டு ஏமாத்தும்லே, நம்பாத, ஓடு, என்று.

ஆட்டத்துக்கு முன்னால் கிளீட்டஸ்தான் கேட்டான், தெக்கூர்க்காரன் ஏழு வருஷமா கப்ப ஜெயிச்சுக் கொண்டு போறான் மாமா, நான் எறங்கட்டா, அப்போதாவது சொல்லியிருக்கலாம், வாய்வரைக்கும் வந்தது, கயிற்றுக்குப் பின்னால் ஊரே நின்று அவர் முகத்தைப் பார்க்கிறது, அவர் குனிந்து தாமே அவன் முட்டில் துணியைச் சுற்றிக் கட்டுகிறார், இறுக்கமா இருக்கா மக்கா, இருக்கு மாமா. அந்தத் தலைமுட்டு கோலாகி ஊர் ஜெயித்தது, கோல் ஷாஜியின் பெயரில், யாரோ கைப்பேசியில் எடுத்த படம் மறுநாளே மாலே போய்ச் சேர்ந்தது, கிளப் மருமகனையும் மாமாவையும் ஒரே கடிதத்தில் வெளியே அனுப்பியது, நாகர்கோவிலில் அறுவை செய்த டாக்டர் நடக்கலாம், ஓட முடியாது என்றார்.

இப்போது லில்லி வீட்டில் கிளீட்டஸ் காலை நாற்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருக்கிறான், ததேயுஸ் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வந்திருக்கிறார், மூன்று வாரமாகத் தினமும் அப்படித்தான் வருகிறார், லில்லி கட்டன்காப்பி கொண்டுவந்து வைக்கிறாள், ஒரு காரியம் சொல்லணும் மாமா என்று அவன் முந்திக்கொள்கிறான், கண் கலங்கியிருக்கிறது, வீக்கம் வத்தட்டும்னு இருந்திருக்கணும், நான்தான் அவசரப்பட்டு எறங்குனேன், எத்தன வருசம் பாடுபட்டுப் பிடிச்ச வேல, என்னால போச்சே, மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க என்கிறான், சொல்லுண்ணே, ராத்திரியெல்லாம் அழுதான் என்கிறாள் லில்லி, ததேயுஸ் வாயைத் திறக்கிறார், இதோ சொல்லப்போகிறார், சொல்லியே விடுவார் என்று அவருக்கே தோன்றுகிறது, பரவால்ல மக்கா, நான் மன்னிச்சிட்டேன், என்கிறார்.