கரியில் வைத்த பொட்டு

சுவிட்சைத் தட்டினாள் ரெங்கம்மாள். மிஷின் மூச்சு விடவில்லை. மறுபடி தட்டினாள். ஒரு முனகல்கூட இல்லை.

"செத்துப்போச்சு" என்றார் முருகையன் மேஸ்திரி. வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

நாற்பத்தேழாம் வருஷத்து விஜயதசமி, வெள்ளிக்கிழமை. அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் பஞ்சநாதனின் மரப்பட்டறை. பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அவர் மதராசிலிருந்து வாங்கி வந்த மிஷின் அது. ரெண்டு கைப்பிடி, நடுவில் மோட்டார், அடியில் சுழலும் உளி. நாலு ஆசாரிகள் ஒரு நாள் முழுக்கக் கொத்துகிற பள்ளத்தை ஒரு மணி நேரத்தில் பறித்துவிடும். அதை ஓட்டத் தெரிந்தவள் ரெங்கம்மாள் ஒருத்திதான். புருஷன் பர்மா சண்டையில் செத்த பிறகு, திருச்சியில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருஷம் மோட்டார் வேலை பார்த்தவள். யுத்தம் முடிந்ததும் பொம்பளைகளையெல்லாம் வூட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இங்கே வந்து மரச்சுருள் பெருக்கிக்கொண்டிருந்தவளை, இந்த மிஷின் வந்த பிறகுதான் பஞ்சநாதன் துடைப்பத்தைக் கீழே போடச் சொன்னார்.

"நேத்து பூசை முடியற நேரத்துல இவ வாசல்ல வந்து நின்னா. நான் பாத்தேன்" என்றார் மேஸ்திரி.

"வாசல் வரைக்கும்தான மேஸ்திரி வந்தேன்? உள்ள வரக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"தாலி அறுத்தவ வாசல்ல நின்னாலே போதும்."

பஞ்சநாதன் தலையைச் சொறிந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற மனுஷன். "ரெங்கம்மா, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள மொத வேலை போட்டாவணும். ஓட வச்சிட்டா மிஷின் உன்கிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா… நீ பழையபடி பெருக்கப் போயிடும்மா."

மணி ஒன்பதரை.

ரெங்கம்மாளுக்குக் காது மடல் சுட்டது. மிஷினின் வயரைப் பிடுங்கிவிட்டு, அதே துளையில் மேஜை விளக்கைச் செருகினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"கரண்டு வருது. கோளாறு மிஷினுக்குள்ளதான் இருக்கு. பூங்காவனம், அந்த டார்ச் லைட்டை எடு."

"பட்டப்பகல்ல எதுக்குடி டார்ச்சு? மேஸ்திரி மூஞ்சியில சிரிப்பு எங்க இருக்குன்னு தேடவா?" என்றாள் சுருள் பெருக்கும் பூங்காவனம். பின்னால் ரெண்டு பேர் இருமுகிற சாக்கில் சிரித்தார்கள்.

ரெங்கம்மாள் டார்ச்சைப் பிரித்தாள். பாட்டரியையும் குட்டி பல்பையும் கம்பியில் கோத்தாள். கம்பி முனைகளை எதில் வைத்தாலும், உள்ளே அறுந்திருந்தால் பல்பு எரியாது. வயரில் வைத்தாள், எரிந்தது. சுவிட்சைக் கழற்றி அதன் ரெண்டு காலில் வைத்தாள், எரிந்தது. வயரும் இல்லை, சுவிட்சும் இல்லை. பாக்கி மோட்டார்தான். அதில் வைத்தாள்.

இருட்டு.

"இங்கதான்! இங்கதான் இருக்கு!" என்று கத்தியேவிட்டாள்.

மோட்டாரின் ரெண்டு பக்கமும் கறுப்பு மூடிகள். அரையணாக் காசை வைத்துத் திருகினாள். உள்ளிருந்து ஸ்பிரிங் துள்ளி வந்தது, அதன் நுனியில் சுண்டுவிரல் நகமளவு கரிக்கட்டை. சுழலும் செம்பு உருளையைத் தொட்டுக்கொண்டே இருந்து அதற்குக் கரண்டு கொடுப்பது இந்தக் கரிதான். திருப்பினாள்.

உருளையை உரசி உரசிப் பளபளவென்றிருந்த கரியின் முகத்தில், காய்ந்து கெட்டியான சந்தனம். நடுவில் குங்குமம்.

அடுத்த மூடியைத் திருகினாள். அந்தக் கரிக்கும் பொட்டு.

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாகப் பொங்கி வந்தன. இழைப்புளியானால் தகடு வேறு, கட்டை வேறு என்று பிரித்துக் கழுவி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துப் பூட்டுவது ஆசாரிமார் வழக்கம். மிஷினையும் அப்படியே பிரித்திருக்கிறார்கள். ஒரு உறுப்பையும் விடவில்லை.

"யாரு மேஸ்திரி வச்சது?"

"நாந்தான். மொகம் மாரி மினுமினுன்னு இருந்துச்சு, வச்சேன். அதுக்கென்ன?"

"சந்தனம் காஞ்சு கரியும் செம்பும் ஒட்ட முடியல. கரண்டு எப்படிப் போவும்? உப்புத்தாளைக் குடுங்க."

மேஸ்திரி ஓரடி முன்னால் வந்து கையை நீட்டி மறித்தார். "விஜயதசமியும் அதுவுமா சாமிக்கு வச்ச பொட்டை அழிக்கிறியா? அதுவும் நீ? இந்தப் பட்டறை வெளங்குமா?"

பஞ்சநாதன் கரியையும் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். பத்தேகால்.

"முதலாளி, என் பொட்டை அழிக்கறப்ப ஊரே சுத்தி நின்னு பாத்துச்சு. அழிக்காதன்னு ஒருத்தரும் கையை நீட்டல. இந்தக் கரி மேல இருக்கற அக்கறை எம்மேல இருந்துச்சா? சொல்லுங்க, நிறுத்திடறேன்."

பஞ்சநாதன் தானே போய் உப்புத்தாளை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

ரெங்கம்மாள் அழித்தாள். கரியின் வளைவு கெடாமல் மெல்ல மெல்லத் தேய்த்தாள். உருளையில் ஒட்டியிருந்த சந்தனத்தையும் சுரண்டி, வாயால் ஊதி, ஸ்பிரிங்கை அழுத்தி மூடியைத் திருகினாள். வயரைச் செருகினாள்.

தட்டினாள்.

ஊஊவென்று மிஷின் அலறிய அலறலில் கூரை மேலிருந்த புறாக்கள் சடசடவென்று பறந்தன. "ஏ யப்பா!" என்று பூங்காவனம் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

"அப்படியே மேஸ்திரி கையில குடும்மா, மொத வேலைக்கு…" என்று இழுத்தார் பஞ்சநாதன்.

"மொத வேலையும் நாந்தான் போடுவேன். சட்டத்தைப் புடிங்க, முதலாளி."

அவர் பிடித்தார். தேக்குச் சட்டத்தில் உளி இறங்கியது. தூள் பொன்னாகச் சீறி அவள் தலைமுடி, புருவம், வெறும் நெற்றி எல்லாம் படிந்தது. துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. எதிர்ப்பக்கம் ஆடிக்கொண்டிருந்த சட்டத்தின் மறு நுனியை, யாரும் சொல்லாமலே, முருகையன் மேஸ்திரி வந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.