இடது பெடல்

அந்த வாரத்தில் இரண்டு முறை உஷாராணி ஆபீசுக்குத் தாமதமாகப் போனாள். மூன்றாவது முறையும் தாமதமானால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மேனேஜர் புகழேந்தி சொல்லிவிட்டார். வில்லியனூரில் டேட்டா என்ட்ரி வேலை. ஒன்பது மணிக்குள் கைரேகை மெஷினில் கட்டைவிரலை வைத்தாக வேண்டும். வேலை போனால், பெண் கேட்டுக் காத்திருந்த மடுகரை மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப அம்மா தயாராக இருந்தாள்.

இரண்டு நாளும் சனியன் ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்பில் சர்க்கார் கொடுத்த இலவச சைக்கிளின் இடது பெடல், ஒதியம்பட்டைத் தாண்டியதும் கழன்று விழுந்தது. இரண்டு நாளும் சாயங்காலம் சைக்கிள் கடையில் பெடலை மாட்டிக்கொண்டுதான் வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெளியே வந்தால், அப்பா முத்துசாமி ஸ்பானரோடு சைக்கிளுக்குக் கீழே குந்தியிருந்தார். இருபது வருஷம் ஊரான் பம்புசெட்டுக்கு நட்டு முடுக்கியவர். அடுத்தவன் முடுக்கியதை நம்பவே மாட்டார்.

"இன்னாப்பா பண்ற?"

"கடைக்காரன் லூசா வுட்டிருக்கான். நல்லா முடுக்கி வுடறேன்."

"போன ரெண்டு தடவையும் முடுக்குனியா?"

"பின்ன? நான் முடுக்கலன்னா நீ இந்நேரம் ஆஸ்பத்திரில கெடப்ப."

"எங்க, இன்னும் முடுக்கு. பாக்கறேன்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார். பெடல் கையோடு வந்துவிட்டது.

"பேய் புடிச்ச சைக்கிளு," என்றார்.

உஷாராணி அப்பாவின் டூல்ஸ் பையிலிருந்து பம்புசெட்டு போல்ட் ஒன்றை எடுத்துப் பெடலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். போல்ட்டின் மரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பெடலின் மரை மறுபக்கம். பி.எஸ்சி. பிசிக்ஸில் திருப்புவிசையைப் பற்றி ஐந்து பக்கம் எழுதி மார்க் வாங்கியவள். ஸ்பானரைத் தொட்டது அன்றுதான். பெடலைப் பொருத்தி, எதிர்த்திசையில் திருப்பினாள்.

"அடியே, கழட்டாத."

"முடுக்கறேன்பா. இடது பக்கத்துக்கு மரையைத் திருப்பி வெட்டிருக்கான். இருபது வருசமா முடுக்குற, இது தெரியாதா?"

"பம்புசெட்டுல ஏதுடி பெடலு?"

மசமசவென்று உள்ளே போன பெடல் ஒரு இடத்தில் சிக்கென்று நின்றது. அதன் மேல் ஏறி நின்று பார்த்தாள். அசையவில்லை.

ஆபீசில் நுழையும்போது எட்டு ஐம்பத்தேழு. கட்டைவிரலை வைத்தாள். "மீண்டும் முயற்சிக்கவும்," என்றது மெஷின். மறுபடி வைத்தாள். மறுபடியும் அதையே சொன்னது. விரலெல்லாம் கிரீஸ். வழியெல்லாம் துடைத்துத் துடைத்துத் துப்பட்டாவும் கறுத்திருந்தது.

"மெஷின்ல வுழலன்னா லேட்டுதாம்மா," என்றார் புகழேந்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.

அவருடைய நாற்காலி முதுகில், கலெக்டர் நாற்காலிக்கு இருப்பதுபோல, சலவை செய்த வெள்ளை டவல் கிடந்தது. உஷாராணி அதை உருவிப் பத்து விரலையும் ஒவ்வொன்றாக, நகக்கண் வரைக்கும் துடைத்தாள்.

"என்னம்மா பண்ற? அது என் டவலு."

"தெரியுது சார்."

எட்டு ஐம்பத்தொன்பதுக்கு மெஷின் அவளுக்கு நன்றி சொன்னது.