ஐந்து நாற்காலி, ஒரே மூக்கு

1

இந்தக் கதை பிறந்த இடம் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில். பல் வைத்தியரிடம் போக நான் ஏறிய லிஃப்ட் அங்கே நின்றுவிட்டது. நாற்பது நிமிடம். படிப்பதற்கு இருந்தது சுவரில் ஒட்டியிருந்த விளம்பரம் ஒன்றுதான்: ஏதோ ஒரு கம்பெனியின் இயக்குநர் குழு. நாலு பேர் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேருக்கும் ஒரே மூக்கு. ஐந்தாவது நாற்காலி காலி.

பயம் வந்தால் கதை கட்டுகிறவன் நான். அந்த மூக்குகளை ஒரு குடும்பமாக்கி, அவர்களுக்கு ஒரு லிஃப்ட் கம்பெனியும் கொடுத்துவிட்டேன். (அதில் ஒருவர் வீட்டு மாப்பிள்ளை. அவருக்கு அந்த மூக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பழகப் பழக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் அந்தி வெயில் பொன்னை உருக்கி —"

வேண்டாம். கூட்டம் காலை பதினோரு மணிக்கு. அறையின் ஒரே ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாயைப் பார்த்தபடி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: பெரியவளுக்கு மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை.

இது நிற்கும். பெரியவள், கம்பெனியை ஆரம்பித்தவரின் மூத்த மகள். இப்போது நடத்துகிறவளும் அவளே. மூன்று வாரத்துக்கு முன் அவர்களுடைய லிஃப்ட் ஒன்று மருத்துவமனையில் பாதி வழியில் நின்றது. உள்ளே ஆபரேஷனுக்குப் போய்க்கொண்டிருந்த நோயாளி. பிழைத்துக்கொண்டார். அடுத்தவரும் பிழைப்பார் என்று யார் கையெழுத்துப் போடுவது?

அதைப் பற்றிப் பேசவென்று கூடிய இயக்குநர் குழு பதினொரு நிமிடம் பேசியது. அதில் எட்டு நிமிடம், வருத்தக் கடிதத்தில் யார் பெயர் முதலில் வருவது என்பதற்குப் போயிற்று. "ஒருமனதாக வருந்துகிறோம்" என்ற கூட்டக் குறிப்பைச் செயலாளர் முந்தின நாளே தட்டச்சு செய்து வைத்திருந்தார். அங்கே எப்போதும் அப்படித்தான். முடிவு முதலில், கூட்டம் பிறகு.

(நானும் இந்தக் கதையின் முடிவை முதலிலேயே எழுதி வைத்திருந்தேன். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.)

3

குழுவின் தலைவர் சித்தப்பா. காலி நாற்காலிக்கு அவர் ஓய்வுபெற்ற ஒரு பெரிய அதிகாரியைச் சொன்னார்.

"அவர் வந்து உக்காந்தாலே சபைக்கு ஒரு கம்பீரம்மா."

"உக்கார்றதுக்கு நாமளே போதும் சித்தப்பா. வேண்டாம்னு சொல்ற ஆள் ஒண்ணு வேணும்."

பெரியவள் சொன்ன ஆள், லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற பெண்மணி. இவர்களுடைய லிஃப்ட்டையே இரண்டு முறை நிராகரித்தவர்.

"நம்ம தலையில கல்லைப் போட்டவளுக்கு நம்ம சபையில நாற்காலியா?"

"யார் தலையிலயும் லிஃப்ட் விழக் கூடாதுன்னு போட்ட கல் அது."

வாயால் ஆகாது என்று தெரிந்தது. பெரியவள் எழுந்து வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டாள். மேலே நாலு பேர்: சித்தப்பா, அவள், அவள் தம்பி, மாப்பிள்ளை. பக்கவாட்டில் ஒரு குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை: விற்பனை, சட்டம், தொழிலாளர், பாதுகாப்பு.

"தெரிஞ்சதுக்கு அவங்கவங்களே டிக் போடுங்க. பொய்யாக்கூடப் போடலாம். பக்கத்துல கையெழுத்து மட்டும் வேணும்."

விற்பனைக்கு நாலு டிக். சட்டத்துக்கு, தன் அண்ணன் வக்கீல் என்ற உரிமையில் மாப்பிள்ளை அரை டிக் போட்டார். பாதுகாப்புக்கு வந்ததும் பேனா கைமாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் தம்பி ஒரு டிக் போட்டான். நின்று பார்த்தான். உள்ளங்கையால் அழித்தான்.

(இந்தத் தம்பி மேல் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. முந்தைய வரைவில் அவனை விமானம் ஏற்றி அனுப்பியிருந்தேன். அவசரமாகத் திருப்பிக் கூப்பிட வேண்டியதாயிற்று.)

"எனக்கு லிஃப்ட்டுல பட்டன் அமுக்கத் தெரியும்க்கா. அதோட சரி," என்றான். "அந்தம்மாவே வரட்டும்."

மாப்பிள்ளை காற்று வீசும் பக்கம் பார்த்துக் கை தூக்கினார். அதுவும் ஒரு கைதான். மூன்றுக்கு ஒன்று.

4

இன்ஸ்பெக்டரம்மாவின் முதல் கூட்டம். புதிய மாடலை அடுத்த மாதமே வெளியிட வேண்டும் என்று பெரியவள் முன்வைத்தாள். அவளுடைய இரண்டு வருட உழைப்பு. செயலாளர் வழக்கம்போல ஒருமனதைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்.

"முழு பாரத்தோட பிரேக்கை எத்தனை தடவை பாத்தீங்க?" என்று கேட்டார் புதியவர்.

"ஆறு."

"ஆறும் பிடிச்சுதா?"

பெரியவள் தண்ணீர் குடித்தாள். "அஞ்சு."

"ஆறாவதுல உள்ள யார் இருந்தா?"

"மணல் மூட்டை."

"மூட்டை புகார் பண்ணாது," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இப்ப வேண்டாம். நூறு தடவை பாப்போம். நானும் கூட நிக்கிறேன்."

முதலில் எழுந்தது சித்தப்பாவின் கை. அண்ணன் மகளை எதிர்க்க இப்படியொரு நியாயமான காரணம் கிடைக்குமென்று அவர் கனவிலும் கண்டதில்லை. பிறகு தம்பி. பிறகு, எண்ணிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை. நாலுக்கு ஒன்று. செயலாளர் "ஒருமனதாக" என்பதைப் பேனாவால் கோடிட்டு அடித்தார். அடித்துப் பழக்கமில்லாததால் காகிதம் கிழிந்தது.

நான் எழுதி வைத்த முடிவில் பெரியவள் ஜெயித்துக் கைதட்டல் வாங்குகிறாள். அதையும் கிழித்தாயிற்று.

அவமானம் வருமென்று பெரியவள் காத்திருந்தாள். வரவில்லை. இனி ஒரு கெட்ட லிஃப்ட் வெளியே போக வேண்டுமானால் இந்த மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளே தள்ளினாலும் போகாது. மார்பு நிமிர்ந்தது.

"என்னம்மா சிரிக்கிற? தோத்துட்டே," என்றார் சித்தப்பா.

"ஆமா சித்தப்பா. ஆள் பாத்து, ஓட்டு வாங்கி, நாற்காலி போட்டுத் தோத்திருக்கேன். எத்தனை பேருக்கு வாய்க்கும்?"

5

இனி முடிவு. ஒன்று: நூறு தடவையும் பிரேக் பிடிக்கிறது, புதிய மாடல் ஊரெல்லாம் ஏறி இறங்குகிறது. இன்னொன்று: மாதம் மூன்றாகி, போட்டிக் கம்பெனி முந்திக்கொள்ள, பெரியவளும் இன்ஸ்பெக்டரம்மாவும் கூட்டத்துக்குக் கூட்டம் மோதி, அந்தச் சத்தத்தில் நல்ல லிஃப்ட் ஒன்று மெதுவாகப் பிறக்கிறது. மூன்றாவதில் "வேண்டாம்" சொல்லும் ருசி கண்ட சித்தப்பா காபியைக்கூட நிராகரித்து —

எனக்குப் பிடித்தது முதலாவது. மறுப்பதற்கு, நான் எழுதும் இந்த அறையில் என்னைத் தவிர யாருமில்லை என்பதுதான் அதில் உள்ள கோளாறு.

ஆகவே உங்கள் முன் வைக்கிறேன். எதிர்ப்பவர்கள் முதலில் கை தூக்கவும்.